புல்வெளிக்குக் கீழே இருப்பவர்கள்



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இந்த அரங்கில் கூடுகிறோமோ, அந்தத் தோழரின் புதைகுழியைத் தேடிக்கொண்டு இந்த ஆண்டு அழைப்பிதழ் அச்சாகும் முன்பு எங்களில் நான்கு பேர் போனோம். சேரி இடுகாடு முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அவருடைய தங்கை வந்துதான் வழி காட்டினார். "இந்த வேம்புக்குத் தெற்கால எட்டு எட்டு வெச்சா அண்ணன்" என்றார். கல் இல்லை, பெயர் இல்லை, சிமெண்ட் மேடை இல்லை. அந்த வேம்பு விழுந்தால் இடமும் மறந்துபோகும். தோழர் வெட்டியான் வீட்டுப் பிள்ளை என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். அவருடைய அப்பா ஊர்ச் சுடுகாட்டில் வாழ்நாள் முழுக்கக் குழி வெட்டினார். அவரைப் புதைத்தது சேரி இடுகாட்டில்.

அந்த இடுகாட்டை மட்டம் தட்டிப் பசுமைப் பூங்கா ஆக்கப் போவதாக இப்போது ஒரு பேச்சு வந்திருக்கிறது. நடைபாதை, மரக்கன்றுகள், சிமெண்ட் பெஞ்சு, உடற்பயிற்சிக் கருவி. "அங்கே பெரும்பகுதி காலியாகத்தானே கிடக்கிறது" என்பது அவர்கள் சொல்லும் காரணம். எங்கள் அமைப்புக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. கூடாது, இது நம் முன்னோர் இடம் என்கிறார்கள் பெரியவர்கள். சேரிப் பிள்ளைகளுக்கு விளையாட ஒரு அடி நிலம் கிடையாது, மர நிழல் கிடையாது, வந்தால் வரட்டுமே என்கிறார்கள் இளைஞர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால், கத்திப் பேசி முடிக்க முடியாமல் மூன்று கூட்டம் போய்விட்டது. அதனால்தான் இந்த ஆண்டு உரையை வழக்கமான இலக்கியத் தலைப்பில் வைக்காமல், கல்லறை நிலத்தைப் பொதுப் பசுமை வெளியாகக் காப்பாற்றியிருக்கும் வேறொரு ஊரின் கதையாக வைத்துக்கொண்டோம். அந்த ஊர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அட்லாண்டா. இடத்தின் பெயர் ஓக்லாண்ட் கல்லறைத் தோட்டம். நாங்கள் யாரும் அங்கே போனதில்லை. படித்ததையும் வரைபடங்களையும் படங்களையும் வைத்துத்தான் பேசுகிறோம்.

முதலில், கல்லறை எப்படித் தோட்டமானது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாதா கோயில் வளாகத்துக்குள்ளேயே புதைப்பதுதான் பழைய வழக்கம். நகரம் பெருத்தபோது அந்த வளாகங்கள் நிரம்பி வழிந்தன, நோய் பரவும் என்ற பயமும் வந்தது. 1804இல் பாரிஸ் நகரின் விளிம்பில் பெர் லாஷேஸ் திறக்கப்பட்டது. 1831இல் பாஸ்டன் அருகே மவுண்ட் ஆபர்ன், 1838இல் புரூக்ளினில் கிரீன்வுட். வளைந்து போகும் பாதை, மேடு பள்ளம், குளம், பெருமரம் என்று திட்டமிட்டு அமைத்த கல்லறைகள் இவை. நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் வேலை தொடங்கியதே 1850களின் கடைசியில்தான். அதற்கு முன்பு நகரவாசிகளுக்குப் பூங்கா என்று இருந்தது கல்லறைத் தோட்டமே. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு இது விசித்திரமாகத் தோன்ற வேண்டியதில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று நம் கிறிஸ்தவச் சொந்தங்கள் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி மாலைவரை அங்கேயே இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஓக்லாண்ட் 1850இல் நகரசபை வாங்கிய ஆறு ஏக்கரில் தொடங்கியது. பிறகு 48 ஏக்கராக வளர்ந்தது. 1872இல்தான் அங்கிருந்த ஓக் மரங்களை வைத்து இந்தப் பெயர் வந்தது. வடக்கே ரயில் பாதை, கிழக்கே ஒரு பருத்தி ஆலையும் அதன் தொழிலாளர் குடியிருப்பும். ஓக், மக்னோலியா, செங்கல் பாவிய பாதை, பளிங்குச் சிலை. எழுபதாயிரம் பேர்வரை அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நகரத்தின் மேயர்கள், மாநில ஆளுநர்கள், 'கான் வித் த விண்ட்' நாவலை எழுதிய மார்கரெட் மிட்செல் எல்லோரும் அங்கேதான். படங்களைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

தொடங்கி இரண்டே ஆண்டில், 1852இல், நகரசபை ஓர் உத்தரவு போட்டது. கறுப்பின மக்களை வெள்ளையரோடு சேர்த்துப் புதைக்கக் கூடாது, தனியாக ஓரத்தில் புதைக்க வேண்டும். அந்த மூலைக்கு 'அடிமைச் சதுக்கம்' என்று பெயர். அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த காலம் அது. உயிரோடு இருந்தபோது ஒருவருக்குச் சொத்தாக இருந்தவர்கள், செத்த பிறகு அந்த மூலைக்குச் சொந்தமானார்கள். ஊரும் சேரியும் எப்படி இரண்டு சுடுகாடு வைத்திருக்கின்றனவோ அப்படித்தான். இங்கே வழக்கம் என்று சொல்லிச் செய்ததை அங்கே தீர்மானம் போட்டுச் செய்தார்கள். எழுத்தில் இருப்பதால் இன்று நமக்கு ஆண்டு தெரிகிறது. நம் ஊர்களில் எந்த ஆண்டு, யார் சொல்லி, எந்த ஓரம் நமக்கு ஒதுக்கப்பட்டது என்று கேட்டால் காட்ட ஒரு தாள் கிடைக்காது.

அடுத்து நடந்ததைப் படித்தபோது எங்கள் வாசிப்பு வட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து, 1865இல் அடிமை முறை ஒழிந்தது. கல்லறைத் தோட்டம் விரிந்துகொண்டே போனதில், ஓரமாக இருந்த அடிமைச் சதுக்கம் நல்ல இடமாகிவிட்டது. வெள்ளைக் குடும்பங்கள் மனை கேட்டார்கள். 1877இல் நகரசபை, சதுக்கத்தில் இருந்த உடல்களைத் தோண்டி எடுத்து, ஏழைக் கறுப்பின மக்களுக்கென்று விட்டிருந்த பகுதிக்கு மாற்றச் சொன்னது. காலியான இடம் வெள்ளையருக்கு மனைகளாகப் போனது. கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களைப் பற்றி இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். அட்லாண்டாவில் செத்தவர்களையே காலி செய்ய வைத்தார்கள். அப்படி அள்ளிக்கொண்டு போனவர்களில் யார் எங்கே வைக்கப்பட்டார்கள் என்று கேட்பதற்கு அவர்களுடைய பிள்ளைகளுக்கு நகரசபையில் என்ன குரல் இருந்திருக்கும்?

குரலே இல்லாமலும் இல்லை. வில்லியம் ஃபிஞ்ச் என்ற தையல்காரர் 1870இல் அந்த நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின உறுப்பினர்களில் ஒருவர். கறுப்பினக் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளி வேண்டும் என்று போராடியவர். அவரும் ஓக்லாண்டின் கறுப்பினப் பகுதியில்தான் இருக்கிறார். அதே பகுதியில் கேரி ஸ்டீல் லோகன் இருக்கிறார். அடிமையாகப் பிறந்தவர், ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தைகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வளர்க்கத் தொடங்கி, கடைசியில் 1888இல் ஓர் அனாதை இல்லத்தையே நிறுவினார். நிதிக்காகத் தன் வாழ்க்கைக் கதையை எழுதி விற்றார். நம் பெண் எழுத்தாளர்கள் யாராவது இவரைப் பற்றி எழுத வேண்டும் என்பது எங்கள் ஆசை. மாரிஸ் பிரவுன் கல்லூரி உருவாகப் பாடுபட்ட பிஷப் வெஸ்லி ஜான் கெயின்ஸும் அங்கேதான்.

இவர்களுக்குக் கல் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு இல்லை. மூன்றரை ஏக்கர் பரப்பு, அதில் 12,000க்கும் மேற்பட்டவர்கள். நடந்து போகிறவர் கண்ணுக்குத் தெரிந்தது ஆங்காங்கே சில கற்கள், மற்றபடி வெறும் புல். அந்தப் பகுதி முழுவதற்கும் கல்லால் கட்டிய நினைவு மண்டபம் ஒன்றே ஒன்று, அன்டோயின் கிரேவ்ஸ் குடும்பத்துக்கு உரியது. வெள்ளைப் பகுதியிலோ மண்டபமும் தூணும் தேவதைச் சிலையும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

அந்தப் புல்வெளி ஏன் காலியாகத் தெரிந்தது? வசதி இல்லாதவர்கள் மரத்தால் அடையாளம் நட்டார்கள். மரம் இருபது முப்பது ஆண்டில் மக்கிவிடும். அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. குழிமேல் சிப்பிகளை அடுக்குவார்கள், இறந்தவர் கடைசியாகப் புழங்கிய கோப்பை, தட்டு, விளக்கு இவற்றை வைப்பார்கள். செடி நடுவார்கள். யக்கா, டாஃபோடில், அப்புறம் தரையோடு படர்ந்து எப்போதும் பச்சையாக இருக்கும் பெரிவிங்கிள். கைவிடப்பட்ட பழைய கல்லறைகளைத் தேடுகிற ஆய்வாளர்கள், காட்டுக்குள் பெரிவிங்கிள் கம்பளம்போலப் படர்ந்திருந்தால் நின்று பார்ப்பார்களாம். இந்தச் செடியின் நெருங்கிய உறவுதான் நம்மூர் நித்தியகல்யாணி. லின்னேயஸ் இரண்டையும் 'விங்கா' என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார். நித்தியகல்யாணிக்கு நம் மக்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர் உங்களுக்கே தெரியும்: சுடுகாட்டு மல்லி. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்திலும் பூக்கும் என்பதால் நம் பாட்டிமார் வைத்துவிட்டுப் போனது.

இந்தச் செடி விஷயத்தில்தான் பூங்காப் பேச்சின் முழு ஆபத்தும் இருக்கிறது. பளிங்குக் கல்லை யாரும் தெரியாமல் அகற்றிவிட முடியாது. செடியை 'களை' என்று சொல்லி ஒரே காலையில் வழித்துவிடலாம். உடைந்த தட்டைக் குப்பை என்று அள்ளிவிடலாம். கெட்ட எண்ணமே தேவையில்லை, சுத்தம் செய்கிற ஆர்வம் போதும். ஏழைகளுடைய கல்வெட்டு குப்பையைப் போலவும் களையைப் போலவும்தான் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு மண்வெட்டிகூட உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் கருத்து.

அவமதிப்பைப் பொறுக்காமல் வெளியேறியவர்களும் உண்டு. ஓக்லாண்டில் கறுப்பின மக்கள் பின்வாசல் வழியாக வர வேண்டியிருந்தது, சேற்றுக்குள் இறங்கிப் பிணம் தூக்க வேண்டியிருந்தது என்பதால், அடிமைகளாகப் பிறந்த சிலர் சேர்ந்து 1886இல் சவுத் வியூ என்ற தங்கள் சொந்தக் கல்லறைத் தோட்டத்தை நிறுவினார்கள். சேற்றையும் பின்வாசலையும் பற்றி நாம் வேறு நாட்டில் போய்ப் படிக்க வேண்டியதில்லைதான். 2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறிக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கியதைப் படத்தோடு பார்த்தோம். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது அவரை முதலில் புதைத்தது அந்தச் சவுத் வியூவில்தான். பிறகே இப்போதைய நினைவிடத்துக்கு மாற்றினார்கள். அவர் 1959இல் கேரளத்துக்கு வந்தபோது, தலித் மாணவர்கள் படித்த ஒரு பள்ளியில் அவரை 'தீண்டப்படாதவர்களில் ஒருவர்' என்று அறிமுகம் செய்தார்கள். முதலில் அதிர்ந்துபோனவர், யோசித்துப் பார்த்து, ஆமாம், நானும் அப்படித்தான் என்று உணர்ந்ததாகப் பின்னாளில் அட்லாண்டாவில் தன் தேவாலயத்திலேயே பேசினார்.

இன்னொரு சாவையும் சொல்ல வேண்டும். டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1899இல், இரண்டு வயதுகூட நிரம்பாத அவருடைய மகன் இறந்துபோனான். குழந்தையை ஜார்ஜியா மண்ணில் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவு தூரம், வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தன் சொந்த ஊரான கிரேட் பாரிங்டனுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார். 'கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்' என்ற 1903ஆம் ஆண்டு நூலில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. மாணவர்கள் தேடிப் படியுங்கள். இதே டு போய்ஸுக்குத்தான் 1946இல் பாபாசாகேப் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுக்கும் மனுவின் படி வேண்டும், எங்கள் மக்களும் அதைப் பற்றி யோசிக்கிறோம் என்று. ஜூலை மாதக் கடைசியில் டு போய்ஸ் பதில் எழுதினார். அந்த இருவருக்கும் இடையே இருந்த உறவின் மேல் நின்றுதான் இன்று நாங்கள் ஓக்லாண்டைப் பற்றிப் பேசத் துணிகிறோம்.

ஓக்லாண்டின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1884க்குள் மனைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. குடும்பங்கள் பராமரித்தவரை நன்றாக இருந்தது. தலைமுறைகள் மாறின, குடும்பங்கள் இடம் பெயர்ந்தன, கற்கள் சாய்ந்தன, களை மூடியது. 1976இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு, நகராட்சியோடு சேர்ந்து காப்பாற்ற ஓர் அறக்கட்டளை உருவானது. 2008இல் ஒரு சூறாவளி மரங்களையும் கற்களையும் சாய்த்தது. அதிலிருந்தும் எழுந்தார்கள். இன்று அது கட்டணம் இல்லாத பொதுப் பூங்கா. காலையில் நடக்கிறார்கள், ஓட்டப்பந்தயம் நடக்கிறது, இசை நிகழ்ச்சி நடக்கிறது.

கறுப்பினப் பகுதியின் சீரமைப்பு முடிந்தது எப்போது தெரியுமா? 2022இல். அறக்கட்டளை பிறந்து 46 ஆண்டுகள் கழித்து. நல்லவர்கள் நடத்துகிற நல்ல வேலையிலும் வரிசை என்று ஒன்று இருக்கிறது, அந்த வரிசையில் நம்மைப் போன்றவர்கள் கடைசியில் நிற்கிறோம். அவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவதற்காக இதைச் சொல்லவில்லை. கடைசியிலாவது செய்தார்கள், முறையாகச் செய்தார்கள்.

அந்த முறை முக்கியம். 2016இல் தரைக்குள் ஊடுருவும் ரேடார் கருவியை அந்தப் புல்வெளிமேல் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளுவண்டி மாதிரி இருக்கும். ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்யும். அது எலும்பைக் காட்டாது. ஒருமுறை வெட்டி மூடிய மண் சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறாக இருப்பதைக் காட்டும். தோழரின் அப்பா இதைக் கருவி இல்லாமலே சொல்வார் என்று அவர் தங்கை சொன்னார்: "வெட்டின மண்ணு மறுபடி பழைய மண்ணு ஆவாது, மழை பெஞ்ச மறுநாள் பாத்தா தெரியும்." வெறும் புல் என்று நினைத்த இடத்தில் அடையாளமில்லாத 800க்கும் மேற்பட்ட குழிகள் தெரிந்தன. அதற்குப் பிறகுதான் பாதையும் நடவும் வேலையும் வந்தன. முதலில் ஆட்களை எண்ணினார்கள், பிறகு மரம் நட்டார்கள். ஓக்லாண்டிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால் நாங்கள் இந்த வரிசையைத்தான் எடுத்துக்கொள்வோம்.

ஆதரவற்ற ஏழைகளைப் புதைத்த இடம் ஒன்றும் அங்கே உண்டு. 1978இல் தொல்லியல் ஆய்வு செய்து, ஏறத்தாழ 7,500 பேர் அதில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். மேலே பார்த்தால் புல்சரிவு மட்டும்தான். அதே தோட்டத்தில், அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தெற்குப் படையின் ஏறத்தாழ 6,900 வீரர்கள் வரிசை வரிசையாக இருக்கிறார்கள். அவர்களில் பெயர் தெரியாதவர்கள் சுமார் 3,000 பேர். அந்தப் பெயர் தெரியாதவர்களுக்காக 1894இல் பளிங்கில் ஒரு சிங்கம் செதுக்கி வைத்தார்கள். பெயர் தெரியாத ஒரு கூட்டத்துக்குச் சிங்கம், இன்னொரு கூட்டத்துக்குப் புல். 2021இல் நகரசபை முடிவெடுத்து அந்தச் சிங்கத்தை அகற்றியது. வரலாற்றுச் சின்னத்தை அகற்றலாமா என்று எங்களுக்குள் ஒரு மாலை முழுக்க விவாதம் நடந்தது. அகற்றியது சரி என்பது பெரும்பான்மை. வீரர்களின் குழிகளை யாரும் தொடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செத்தவரோடு நமக்குச் சண்டை இல்லை.

அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயர் மேனார்ட் ஜாக்சன் 2003இல் இறந்தார். அவரும் ஓக்லாண்டில்தான் இருக்கிறார், பிரித்து வைத்த பகுதிக்கு வெளியே. 2022 இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ், கறுப்பினக் கல்லறைகளைக் கண்டறிந்து காப்பதற்கு உதவும் ஒரு சட்டத்தையும் நிறைவேற்றியது. பணம் எவ்வளவு ஒதுக்கப்படும் என்பது ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் போராடிப் பெற வேண்டியது.

இனி நம் இடத்துக்கு வருவோம். பூங்கா வேண்டும் என்கிற இளைஞர்களுக்கு எங்கள் பதில்: உங்கள் பக்கம்தான் நாங்கள். சேரிக்கு நிழல் வேண்டும். பெண்கள் மாலையில் உட்கார இடம் வேண்டும். கருவேலத்தை வெட்டிவிட்டு வேம்பும் புங்கையும் பூவரசும் வரட்டும். கல்லறையில் பிள்ளைகள் ஓடி விளையாடினால் பாவம் என்று நாங்கள் நினைக்கவில்லை. பெரியவர்களுக்குச் சொல்வது: பயன்படாமல் கிடக்கிற நிலத்தைத்தான் முதலில் ஆக்கிரமிப்பார்கள். ஆள் நடமாட்டமுள்ள பூங்காவைத் திருடுவது கொஞ்சம் கடினம். ஆனால் அதிகாரிகளிடம் நாம் வைக்கப்போகும் நிபந்தனையில் வளைந்துகொடுக்க முடியாது. குழிகளை எண்ணாமல் மட்டம் தட்டக் கூடாது. பதிவேட்டில் மயானம் என்ற வகைப்பாடு மாறக் கூடாது, அது மாறிவிட்டால் நாளைக்குப் பூங்காவும் இருக்காது, கடைவரிசைதான் இருக்கும். நுழைவாயில் பிரதான சாலைப் பக்கம் இருக்க வேண்டும். பெயர்ப் பலகையில் இது யாருடைய இடுகாடு என்பது எழுதப்பட வேண்டும். 'பசுமைப் பூங்கா' என்ற பெயரை மட்டும் போட்டு நம்மை அழிக்கக் கூடாது. பராமரிப்பு வேலை வந்தால் அது உரிய சம்பளத்தோடு, எல்லாச் சாதியினருக்கும் பொதுவான வேலையாக வர வேண்டும். குழி வெட்டினது போதும் என்று படிக்கப் போன பிள்ளைகளைப் பூங்கா கூட்ட அழைக்கக் கூடாது.

நம்மிடம் ரேடார் கிடையாது. பாட்டிமார் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இடுகாட்டு வாசலில் கூடுகிறோம். மாணவர்கள் நூறடி டேப், வரைபடத் தாள், பென்சில், சுண்ணாம்புப் பொடி கொண்டு வாருங்கள். பாட்டிமார் காட்டக் காட்ட ஒவ்வொரு குழியையும் வேம்பிலிருந்து அளந்து குறிக்க வேண்டும், பெயரை அவர்கள் சொல்கிறபடியே எழுத வேண்டும், பட்டப்பெயராக இருந்தாலும் பரவாயில்லை. பெயர் நினைவில்லாத குழிக்கும் எண் போட வேண்டும். சிப்பி, சட்டி, ஓடு எதைப் பார்த்தாலும் எடுக்காமல் படம் பிடியுங்கள். கருவேலத்தை வெட்ட அரிவாள் கொண்டு வரலாம், மண்வெட்டி வேண்டாம். சுடுகாட்டு மல்லியைப் பிடுங்க வேண்டாம். தோழரின் தங்கை ஐந்தரைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.